மூன்றாம் நம்பர் பம்பின் வெள்ளை அம்பு

அந்தக் கொட்டகையில் ஊசியை முதலில் வரவேற்றது ஓர் ஓட்டை.

மூன்றாம் நம்பர் பம்பின் இரும்பு வயிற்றில், உள்ளேயிருந்து வெளியே வெடித்துப் பிதுங்கிய ஓட்டை. ஒரு பூசணிக்காய் தாராளமாகப் போய் வரலாம். நூல் தன் தலையை விட்டுப் பார்த்தான். தலை போயிற்று, திரும்பி வரத்தான் கொஞ்சம் யோசித்தது.

"வெளிய வாடா," என்றார் ஊசி. "ஒரு ஆளைக் காணோம்னுதான் வந்திருக்கோம். ரெண்டாவது ஆளையும் தேட எனக்குத் தெம்பு இல்ல."

ஊசி என்பது அவருடைய பெற்றோர் வைத்த பெயரல்ல. எந்த வழக்கிலும் ஒரு துளை கண்டுபிடித்து நுழைந்துவிடும் துப்பறிவாளர் என்பதால் ஊர் வைத்தது. ஊசி போன வழியே பின்னால் போவதால் உதவியாளனுக்கு நூல். பெயருக்கும் உடம்புக்கும் ஏழு ஜென்மத்துக்கும் சம்பந்தமில்லை. நூல் ஏறி உட்கார்ந்தால் ஊசியின் பழைய கார் ஒரு பக்கம் தாழும். எதிரே வருகிறவர்கள் வண்டி வணக்கம் சொல்கிறது என்று நினைத்துப் பதில் வணக்கம் போடுவார்கள்.

கொட்டகை பெரியது. உள்ளே ஒரு சிறிய ஊரைக் குடிவைத்து, மழை பெய்யவும் விடலாம். எண்ணெய்க் கிணறுகளில் பூமியின் அடிவயிறு வரை சேற்றுத் தண்ணீரை அழுத்தித் தள்ளுகிற பம்புகள் இங்கேதான் பழுது பார்க்கப்பட்டு, சோதிக்கப்பட்டு அனுப்பப்படுகின்றன. மூன்று பம்புகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் கழுத்தில்லாத யானை மாதிரி. விபத்துக்குப் பிறகு ஆட்களுக்கெல்லாம் விடுமுறை. எங்கோ எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் இருந்த அமைதிதான் நூலுக்குப் பிடிக்கவில்லை.

மேலே, இரும்புப் படிகளுக்கு அப்பால் ஒரு கண்ணாடி அறை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை அசையாமல் நின்றது.

"அது யாரு, துணிக்கடை பொம்மையா?" என்றான் நூல்.

"மேனேஜர்," என்றார் பக்கத்தில் நின்ற ஃபோர்மேன். இடுப்பில் கொத்துச் சாவி, முகத்தில் இரண்டு நாள் தூக்கம் பாக்கி. "நாலு மணிக்குள்ள முடிச்சுக்குங்க சார். நாலு மணிக்கு ரெண்டாம் நம்பருக்கு டெஸ்ட். மேனேஜர் ஆர்டர்."

மணி மூன்று ஐந்து.

"எனக்கு டெஸ்ட் வேணாம், என் வீட்டுக்காரர் வேணும்," என்றது ஒரு குரல்.

அவள்தான் ஊசியை அழைத்தவள். காணாமல்போன ஃபிட்டரின் மனைவி. இதே கொட்டகையில் கருவி அறைக்குப் பொறுப்பாளி. இரண்டு நாளாக அழுததில் கண் வீங்கியிருந்தது. ஆனாலும் வேலைச் சட்டையின் கை ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லும்மா. சுருக்கமா."

"முந்தாநாள் காலைல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தோம். இந்த மூணாம் நம்பர் அவர் கைல இருந்துச்சு. பதினோரு மணிக்கு டெஸ்ட் போட்டாங்க. பன்னண்டு மணிக்கு உள்ள பிஸ்டனைத் தள்ற கனெக்டிங் ராடு உடைஞ்சு வயித்தைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துச்சு. அவரைத் தேடினா, ஆளு பத்து இருபதுக்கே வெளிய போயிட்டாருங்கறாங்க. போனை எடுக்கல. வீட்டுக்கும் வரல."

"பம்பைக் கெடுத்துட்டு ஓடிட்டான்," என்றார் ஃபோர்மேன், சுவரைப் பார்த்துக்கொண்டு. "போலீஸ்லயும் எழுதிக் கொடுத்தாச்சு."

"அவர் ஓடறதுன்னா சாப்பாட்டு டப்பாவை வெச்சுட்டா ஓடுவார்?" என்றாள் அவள். "டப்பா இன்னும் என் அலமாரிலதான் இருக்கு. திறக்கவே இல்ல."

நூல் முதன்முறையாகச் சிரிக்காமல் தலையாட்டினான். சாப்பாட்டு டப்பாவை விட்டுவிட்டு ஓடும் மனிதனை அவனால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை.

"உடைஞ்ச ராடு எங்க?" என்று கேட்டார் ஊசி.

"அன்னைக்குச் சாயங்காலமே பழைய இரும்புக்குப் போயிடுச்சு."

"அடேயப்பா. பொணத்தைக்கூட இவ்வளவு சீக்கிரம் எடுக்கமாட்டாங்களே." ஊசி குனிந்து ஓட்டைக்குள் டார்ச் அடித்தார். "மிச்சம் இருக்கறதைப் பார்ப்போம். இது என்ன, மேஜை டிராயர் மாதிரி?"

"க்ராஸ்ஹெட்," என்றாள் ஃபிட்டரின் மனைவி. "மோட்டார் சுத்தும். பிஸ்டன் நேராப் போய் நேரா வரும். சுத்தற ஆளுக்கும் நேராப் போற ஆளுக்கும் நடுவுல இருந்து சமாதானம் பண்றது இதுதான். கீழயும் மேலயும் ஒரு பலகை இருக்கும், கீழ்ப் பலகையில வழுக்கிக்கிட்டே முன்ன பின்ன ஓடும்."

"அப்ப கீழ்ப் பலகைதான் தேயணும்?"

"ஆமா. பம்பு சரியான பக்கம் சுத்துச்சுன்னா, பாரம் கீழதான் அமுங்கும்."

ஊசி கையை விட்டுத் தடவினார். கீழே தடவினார், மேலே தடவினார். மேலே தொட்ட விரல் கரி அப்பி வெளியே வந்தது.

"நூலு, கீழ என்ன தெரியுது?"

"புத்தம் புதுசா மின்னுதுண்ணே. மூஞ்சி பார்த்து ஷேவ் பண்ணலாம்."

"மேல?"

நூல் எட்டிப் பார்த்தான். மேல் பலகை வெந்து, நீலம் பாரித்து, எருமை உழுத வயல் மாதிரி கிடந்தது. "மெத்தை மடிப்புக் கலையல, கூரை தேஞ்சு கிடக்கு. படுத்தவன் கூரையிலயா படுத்தான்?"

"கூரையிலதான் படுத்திருக்கான். ஏன்னா பம்பு தலைகீழா சுத்தியிருக்கு." ஊசி நிமிர்ந்தார். "உள்ளுக்குள்ள எண்ணெய் ஊத்தற குட்டிப் பம்பு ஒண்ணும் இதே தண்டுலதான சுத்தும்?"

"ஆமாங்க," என்றாள் அவள். "தலைகீழா சுத்தினா எண்ணெய் வராது." எண்ணெய் இல்லாத க்ராஸ்ஹெட் ஒரு மணி நேரம் ஓடினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். முன்னே போக முடியாத ராடு வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊசி ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். "மோட்டார் ஒயரை மாத்திக் கொடுத்தா மோட்டார் தலைகீழா சுத்தும். மாத்தினது யாரு?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல ஃபோர்மேன் பதில் சொன்னார். "ஒயர்மேன் மாத்தினான். ஆனா தப்பு அவன் மேல இல்ல. புதுசாக் கனெக்ஷன் கொடுத்தா, மோட்டாரை ஒரு கண் சிமிட்டற நேரம் தட்டிவிட்டுப் பார்ப்போம். பம்பு மேல அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டற பக்கம் சுத்தினா சரி, இல்லாட்டி ரெண்டு ஒயரை இடம் மாத்தணும். அன்னைக்கு அம்புக்கு எதிர்ப்பக்கம் சுத்துச்சு, மாத்தினான். நீங்களே பாருங்க."

அவர் பம்பின் பக்கவாட்டைக் காட்டினார். தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்ட மூடி. சுற்றிலும் எட்டு போல்ட். நடுவில் கட்டைவிரல் தடிமனில், வலமிருந்து இடமாக ஒரு வெள்ளை அம்பு.

"அம்பு வரைஞ்சது யாரு?"

ஃபோர்மேன் அவளைப் பார்த்தார்.

"அவர்தான்," என்றாள் அவள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வேற யாரையும் வரைய விடமாட்டார். பிரஷ் நிறைய பெயின்ட் எடுத்து அப்புவார். இது அவரோடதுதான்."

கொட்டகை இன்னும் இரண்டு மடங்கு பெரிதானது மாதிரி இருந்தது. அம்பு தவறு. அம்பு வரைந்தவன் அவளுடைய புருஷன். தவற்றை உணர்ந்து பயந்து ஓடியிருக்கிறான், அல்லது வேண்டுமென்றே செய்துவிட்டு ஓடியிருக்கிறான். எப்படிக் கூட்டினாலும் அதே விடை. அவள் பம்பின் மேல் கை ஊன்றிக்கொண்டாள்.

மேலே வெள்ளைச் சட்டை கண்ணாடிக்கு ஓர் அடி கிட்டே வந்திருந்தது.

"அக்கா, கொஞ்சம் உட்காருங்க," என்று நூல் ஒரு ஸ்டூலை இழுத்தான். இழுத்த வேகத்தில் கால் வழுக்கி, எண்ணெயில் சர்ரென்று சறுக்கி, அம்புக்கு நேர் கீழே மல்லாந்தான். அந்த அதிர்ச்சியில் பக்கத்து மாவட்டத்தில் நாய்கள் குரைத்தன என்று பிற்பாடு சொன்னார்கள்.

எழுந்திருக்காமல் அவன் மேலே பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அடி பட்டுருச்சாடா?"

"இல்லண்ணே. இங்க இருந்து பார்த்தா அம்பு அழகா இருக்கு. ஆனா ஒரு சந்தேகம். அப்பின பெயின்ட் வடிஞ்சிருக்கு பாருங்க, நாலு கோடு. கண்ணீர் மாதிரி."

"நிறைய அப்புவார்னு சொன்னாங்களே."

"வடியட்டும், வேணாங்கல. ஆனா நம்ம ஊர்ல பெயின்ட் கீழ்ப்பக்கம்தான வடியும்? இது மோட்டுவளையைப் பார்த்து வடிஞ்சிருக்கு."

ஊசி அப்படியே நின்றார். பிறகு மெதுவாக மூடியின் அருகில் போனார். உண்மைதான். அம்பின் உடம்பிலிருந்து நான்கு வெள்ளைக் கோடுகள், நுனியில் உருண்டை கட்டி, வானத்தை நோக்கி ஏறிக் காய்ந்திருந்தன. இரண்டு நாளாக எல்லோரும் அம்பின் மூக்கைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"நூலு, உன் எடைக்கு எடை வெல்லம் வாங்கித் தரேன்."

"நாட்டுல அவ்வளவு வெல்லம் இல்லண்ணே."

"அம்மா, உன் வீட்டுக்காரர் சரியாத்தான் வரைஞ்சிருக்கார்." ஊசியின் குரல் தாழ்ந்தது. "பெயின்ட் காஞ்சதுக்கு அப்புறம் இந்த மூடியைக் கழட்டித் திரும்ப மாட்டியிருக்காங்க. எட்டு போல்ட், வட்ட மூடி. எட்டு விதமா மாட்டினாலும் உட்காரும். பாதிச் சுத்து திரும்பி உட்கார்ந்துடுச்சு. இடப்பக்கம் பார்க்க வேண்டிய அம்பு வலப்பக்கம் பார்க்கும், வலப்பக்கம் பார்க்க வேண்டியது இடப்பக்கம் பார்க்கும். அவர் மாட்டியிருந்தா அப்படி மாட்டுவாரா?"

"செத்தாலும் மாட்டமாட்டார்!" என்றவள், சொன்ன வார்த்தையைக் கேட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அதான் கதையே. கழட்டினது ஒருத்தர், மாட்டினது இன்னொருத்தர். திறந்த மூடியை மூடாம ஒரு நல்ல ஃபிட்டர் வீட்டுக்குப் போகமாட்டார். திறந்ததுக்கும் மூடினதுக்கும் நடுவுல அவருக்கு ஏதோ ஆகியிருக்கு. மூடின கை யாருதோ, அந்தக் கைக்குத் தெரியும்."

எண்ணெய் சொட்டியது.

"ஆனா அவன் வெளிய போயிட்டான் சார்," என்றார் ஃபோர்மேன். கொத்துச் சாவி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. "கேட் பெட்டில அவன் டோக்கன் விழுந்திருக்கு. பத்தொன்பதாம் நம்பர். நீங்களே பார்த்தீங்க."

ஊசி கேட்டில் நுழையும்போதே பார்த்திருந்தார். ஆளுக்கொரு பித்தளை வில்லை, நம்பர் அடித்தது. காலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போகும்போது கேட் பெட்டியில் போட வேண்டும்.

"நடுவுல அந்த டோக்கன் யார் கைல இருக்கும்மா?"

"அவங்கவங்க பையில. கருவி எடுத்தா மட்டும் என்கிட்ட கொடுக்கணும். ஆணியில மாட்டிட்டுக் கருவியைக் கொடுப்பேன். கருவி திரும்ப வந்தா டோக்கனைத் திருப்பி…"

அவள் நிறுத்தினாள்.

"இந்த மூடி போல்ட்டைக் கழட்ட என்ன ஸ்பேனர்?" ஊசி மிக மிருதுவாகக் கேட்டார்.

"நீளக் கைப்பிடி வெச்சது. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அன்னைக்கு ஒம்பதரைக்கு அவர்தான் வாங்கிட்டுப் போனார். பத்தொன்பதை ஆணியில மாட்டினேன்." அவள் கண் எங்கேயோ போயிற்று. "பத்து மணிக்குத் திரும்ப வந்துச்சு. நாலு பேரோட சாமானை ஒரே அணைப்புல கொண்டுவந்து ஜன்னல்ல கொட்டினாங்க. நாலு டோக்கனையும் எடுத்து… நானே என் கையால…"

"யார் கையில கொடுத்தே?"

அவள் விரலை நீட்டவில்லை. தலையை மட்டும் திருப்பினாள்.

ஃபோர்மேனின் சாவிக்கொத்து ஆட்டத்தை நிறுத்தியது.

"அண்ணே!" என்றாள் அவள். கூட வேலை பார்க்கும் மனிதரைப் பத்து வருஷமாக அவள் கூப்பிடும் அதே வார்த்தை. இன்று அது அறை விழுந்த மாதிரி விழுந்தது. "என் கையாலேயே வாங்கி, என் புருஷனை ஓடுகாலி ஆக்கினீங்களா? எங்க அவர்?"

ஃபோர்மேன் பதில் சொல்வதற்குள் வேறொன்று பேசியது. தரைக்கு அடியில், எங்கோ குழாயில், ஒரு இருமல். அப்புறம் ஒரு பெரிய இரைச்சல். தண்ணீர்.

ஃபோர்மேனின் பார்வை பதறிக்கொண்டு கடிகாரத்துக்குப் போனது. மூன்று நாற்பது.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கே," என்றார், தனக்குத்தானே. "நாலு மணிக்குத்தானே சொன்னாரு. அதுக்குள்ள நான் வெளிய எடுத்து…"

நூல் ஊசியின் கையைப் பற்றி இழுத்தான். "அண்ணே, இவர் நம்ம முன்னாடிதான நிக்கிறாரு. அப்போ தண்ணியைத் திறந்தது யாரு?"

நால்வரும் நிமிர்ந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை இல்லை.

"எங்க வெச்சிருக்கீங்க?" ஊசி ஃபோர்மேனின் சட்டையைப் பிடித்தார்.

"ரெண்டாம் நம்பர் தொட்டி," என்று அழுதார் அந்தப் பெரிய மனிதர். "டெஸ்ட் தண்ணித் தொட்டி. காலியாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாளா கேபிள் ஓட்டை வழியா தண்ணி பாட்டில், பிஸ்கட் எல்லாம் நான்தான் போட்டேன். சத்தியமாக் கொல்லச் சொன்னா செய்யமாட்டேன் சார்!"

இரண்டாம் நம்பர் பம்பின் காலடியில், தரையோடு தரையாக ஓர் இரும்பு மூடி. மூடியின் மேல் ஆள் நீளத்துக்கு மேல், பம்பைச் சுழற்றும் தண்டான க்ராங்க் ஷாஃப்ட் ஒன்று படுத்திருந்தது. மலைப்பாம்பு ஒன்று முறுக்கிக்கொண்டு இரும்பாகிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. அதைப் புரட்ட நாற்பது நூல்கள் வேண்டும், இருந்தது ஒருத்தன்.

"நூலு, மேல ஓடு! தண்ணி பட்டன் கண்ணாடி அறையில இருக்கும்!"

நூல் ஓடினான். அந்த இரும்புப் படிகள் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கூக்குரல் எழுப்பியதில்லை.

ஃபிட்டரின் மனைவி ஓடவில்லை. கிரேனின் கைப்பெட்டியை எட்டி இழுத்தாள். சரக்கு ஏற்றும் நாளெல்லாம் கிரேன் அவள் கையில்தான். கூரையில் கொக்கி உருண்டு வந்தது. ஊசியும் ஃபோர்மேனும் சங்கிலியைச் சுற்றினார்கள். ஃபோர்மேனின் பிடியில் சங்கிலி இரண்டு தரம் நழுவியது. அடியில் இரைச்சல் கெட்டியாகிக்கொண்டே போனது. காலித் தொட்டியின் சத்தம் போய், நிறைகிற தொட்டியின் சத்தம் வந்துவிட்டது.

"தூக்கு!"

அவள் பட்டனை அமுக்கினாள். க்ராங்க் ஷாஃப்ட் முனகிக்கொண்டு தரையை விட்டது. மூடியை இருவரும் புரட்டினார்கள்.

கறுப்புத் தண்ணீரில் ஒரு முகம் மிதந்தது. மூக்கும் வாயும் மட்டும் மேலே. கைகள் பின்னால் கட்டியிருந்தன; பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் பக்கத்திலேயே மிதந்தது. வாயில் அடைத்த துணி எப்படியோ நழுவியிருந்தது.

ஊசி ஃபிட்டரின் காலரைப் பற்றினார். ஃபோர்மேன் தண்ணீரிலேயே குதித்துக் கீழேயிருந்து தள்ளினார். மேலே அறையில் ஏதோ உடைந்தது, இரைச்சல் நின்றது. பட்டன் எதுவென்று தெரியாததால் நூல் சுவிட்ச் பலகையையே பிடுங்கிவிட்டானாம்.

ஃபிட்டர் தரையில் கிடந்து இருமினார். மனைவி நான்கடி தூரத்தில் நின்றாள். அருகே வரவில்லை. தலைக்கு மேல் பாரம் தொங்கும்போது கைப்பெட்டியை விட்டு நகரக் கூடாது. அது அந்தத் தொழிலின் சட்டம். கன்னத்தில் தண்ணீர் ஓட, பெட்டியைப் பிடித்தபடியே கேட்டாள்: "என்னங்க… என்னங்க, ஒண்ணும் இல்லல்ல?"

"ஒண்ணும் இல்லம்மா." பல் தந்தியடித்தது. "மூணாம் நம்பர் ராடு பழசு. ரெண்டா உடைஞ்சதை வெல்டிங் வெச்சு, பெயின்ட் அடிச்சு, புதுசுன்னு உள்ள போட்டிருக்காங்க. கிணத்துல போய் உடைஞ்சா பக்கத்துல நிக்கறவங்க பத்துப் பேர் போயிடுவாங்க. மூடமாட்டேன்னேன். பின்னால இருந்து அடி விழுந்துச்சு."

"யாரு, ஃபோர்மேனா?" என்றார் ஊசி.

"அவர் மூடினார். அடிச்சது அவர் இல்ல."

கொட்டகையின் பெரிய வாசலுக்கு உட்பக்கம் ஒரு கார் உறுமியது. பின்பக்கப் படி வழியாக இறங்கிய வெள்ளைச் சட்டை ஸ்டீயரிங்கில் இருந்தது. முப்பது அடி, அதற்கப்புறம் திறந்த சாலை. ஊசி ஓடத் தொடங்கினார். காலுக்கும் காருக்கும் போட்டி வைத்தால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும்.

ஃபிட்டரின் மனைவி ஓடவில்லை. கட்டைவிரலை மட்டும் நகர்த்தினாள்.

கூரையில் கிரேன் வாசலை நோக்கி உருண்டது. கொக்கியில் தொங்கிய க்ராங்க் ஷாஃப்ட், சோம்பல் முறிக்கும் மலைப்பாம்பாக ஆடிக்கொண்டே காரின் முன்னால் போய் நின்றது. பிரேக் அடித்த கார் சறுக்கிக்கொண்டு, தண்டுக்கு நேர் கீழே மூக்கை நீட்டி நின்றது. அவள் 'கீழே' பட்டனில் விரலை வைத்தாள்.

தரையில் கிடந்த ஃபிட்டர், இரண்டு நாள் பட்டினியோடு, ஈரம் சொட்டச் சொட்ட எழுந்து உட்கார்ந்து கத்தினார்: "அடியே! அடியில கட்டை வைக்காம இறக்காதே! தண்டுல கீறல் விழும்!"

"விழாதுங்க," என்றாள் அவள், பட்டனிலிருந்து விரலை எடுக்காமல். "கட்டைக்குத்தான் கார் இருக்கே."